குதிரை எந்த நொடியில் துள்ளுகிறது?

பந்தயத்தை விட்டு வந்த தரோப்ரெட் குதிரை (பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம்) சவாரிப் பள்ளி லாயத்தில் சாதுவாக நிற்கும். கையில் பிடித்துக் கூட்டிப் போனால் தாய்ப் பசுவின் பின்னால் கன்று வருவதுபோல வரும். சேணம் போட்டு, ஆள் ஏறி, ட்ராட் என்னும் மித ஓட்டத்திலிருந்து கேண்டர் என்னும் பாய்ச்சல் ஓட்டத்துக்கு மாறச் சொன்ன மாத்திரத்தில் தலையைத் தாழ்த்தி, முதுகை வில்லாக வளைத்து, பின்னங்கால் இரண்டையும் வீசி எறியும். லாயத்தில் இதை "பக் பண்ணுது" என்பார்கள். அதற்கு அடுத்து வரும் சொல் பெரும்பாலும் "திமிர்" அல்லது "கொழுப்பு". பிறகு சவுக்கு வெளியே வரும்.

அந்தச் சொல்தான் பல குதிரைகளைக் கெடுத்திருக்கிறது. ஆள் ஏறியிருக்கும்போது துள்ளும் குதிரைக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும் முதல் தடயம் துள்ளும் நேரம். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதா, ஆள் ஏறிய உடனா, கேண்டர் தொடங்கும் அடியிலா, இடப்பக்கம் சுற்றும்போது மட்டுமா? இதைக் குறித்து வைக்காமல் எந்த வைத்தியமும் பயிற்சியும் குருட்டாம்போக்குதான்.

துள்ளல் எது, எது இல்லை

முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பது துள்ளல் இல்லை. கடிவாளத்துக்கு அடங்காமல் ஓடுவதும் இல்லை. மூன்றையும் சமாளிக்கும் விதம் வேறு வேறு என்பதால் இதைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். நிமிர்ந்து நிற்கும் குதிரையின் லகானை இழுத்தால் அது பின்பக்கமாகவே சாயக்கூடும். துள்ளும் குதிரையின் தலையைத் தூக்கிவிடாமல் இருந்தால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாக வரும்.

துள்ளலிலும் தரம் உண்டு. கால்களை விறைத்துக்கொண்டு நான்கைந்து சின்னக் குதிப்புகள் போடுவது ஒன்று. ஒற்றைப் பின்னங்காலை மட்டும் பக்கவாட்டில் உதைப்பது இன்னொன்று. நான்கு காலும் தரையை விட்டு எழுந்து, நடுவானில் உடம்பை முறுக்குவது கடைசி நிலை. ஒற்றைக்கால் உதையை "சும்மா விளையாடுது" என்று விட்டுவிடுவார்கள். மருத்துவரின் கண்ணில் அதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் வலி உள்ள குதிரைகள் கேண்டரில் இப்படித்தான் உதைக்கும்.

இந்த அசைவு எங்கிருந்து வந்தது என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. திறந்த வெளியில் மேயும் விலங்கின் முதுகில் பாய்வது சிங்கமும் சிறுத்தையும்தான். முதுகில் விழுந்ததை உதறித் தள்ளியவை பிழைத்தன. மனிதன் ஏறி உட்காருவதும் அதே இடத்தில்தான். குதிரை நம்மைச் சுமப்பதே அந்த உள்ளுணர்வை அது அடக்கிக்கொள்ளக் கற்றதால். வலியோ பயமோ வந்தால் கற்றது கழன்றுவிடும்.

அமெரிக்க ரோடியோவில் வீரர் 8 நொடி விழாமல் இருக்க வேண்டும். அந்தக் குதிரைகள் துள்ளுவதற்கென்றே வம்சம் பார்த்து வளர்க்கப்படுபவை. கூடவே, விலாவுக்குப் பின்னால் அடிவயிற்றைச் சுற்றி ஒரு பட்டையும் கட்டப்படும். நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு: பழக்கமில்லாத குதிரைக்கு அந்த இடத்தில் எது பட்டாலும் துள்ளும். நழுவிப் பின்னால் போன வயிற்றுப் பட்டை, அவிழ்ந்து தொங்கும் போர்வைக் கயிறு, இறங்கும்போது பிட்டத்தில் உரசிய பூட்ஸ் என எதுவானாலும் போதும்.

நேரம் காட்டும் காரணம்

வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதே காதைப் பின்னால் மடக்கி, திரும்பிக் கடிக்க வந்து, முதல் பத்து அடியில் துள்ளுகிறதா? வயிற்றுப் புண், பட்டை உரசி வந்த புண், விலா அல்லது மார்பெலும்புப் பக்கத்தில் வலி, இல்லையேல் முன்பு யாரோ ஒரே இழுப்பில் இறுக்கிய நினைவு. இந்த நான்கில் ஒன்றிலிருந்து தேடத் தொடங்கலாம்.

ஆள் ஏறி உட்கார்ந்த உடன் முதுகைத் தாழ்த்தியோ கூனியோ இரண்டு துள்ளல், அப்புறம் ஒன்றுமில்லை என்றால் முதுகுத் தசையும் சேணமும்தான் முதல் சந்தேகம். "குளிர்ந்த முதுகு, சூடாகிவிட்டால் சரியாகிவிடும்" என்று இதைப் பழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். தசை சூடானதும் வலி குறைந்திருக்கலாம். வலி இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

கேண்டரைத் தொடங்கும் அந்த ஒரு அடியில் மட்டும் துள்ளுவது மிக அதிகமாகப் பார்க்கக்கூடிய வகை. கேண்டர் தொடங்க ஒரு பின்னங்கால் மொத்த எடையையும் ஏந்தி உந்த வேண்டும். முதுகு வளைந்து நிமிர வேண்டும். பின்னங்கால் மூட்டிலோ இடுப்பிலோ முதுகிலோ எங்கே வலித்தாலும் அந்த அடியில்தான் அது வெளியே வரும். ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும் துள்ளினால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். குணம் கெட்ட குதிரை இடம் வலம் பார்த்துத் துள்ளாது.

சேணம் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிகிறதா என்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். சவாரி செய்பவர் கோணலாக உட்காருகிறார் என்று பழி அவர்மேல் விழும். பின்னங்காலில் கண்ணுக்குத் தெரியாத அளவு நொண்டல் இருந்தாலும் சேணம் இப்படிச் சரியும். வேறு ஒருவர் ஏறியும் அதே பக்கம் சரிந்தால் குதிரையின் பின்னங்கால்களைப் பரிசோதிக்க வேண்டும்.

தாண்டிக் குதித்து இறங்கியபின் துள்ளினால் முதுகு, முன்னங்குளம்பு, வாயில் விழுந்த லகான் இழுப்பு. பக்கத்தில் இன்னொரு குதிரை வேகமெடுத்ததும் துள்ளினால் உற்சாகமும் பந்தய நினைவும். லாயத்தின் வாசலைத் தாண்டி வெளியே போகச் சொன்னால் மட்டும் துள்ளினால் கூட்டத்தைப் பிரியும் பயம், அல்லது துள்ளினால் திரும்பக் கூட்டிப் போவார்கள் என்று அது கற்ற பாடம். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு முதல் பத்து நிமிடம் மட்டும் துள்ளினால் தீவனத்தையும் அடைப்பையும் பாருங்கள். பெட்டைக் குதிரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சில நாள் மட்டும் இப்படிச் செய்தால் சினைப்பருவச் சுழற்சியோடு நாளை ஒப்பிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, யார் ஏறினார், எந்தச் சேணம், எந்த நடை, எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம். இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரிந்துவிடும். கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளி இன்னும் நல்லது. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், துள்ளலுக்கு முன் கழுத்து தாழ்வதும், அடி குறுகுவதும், வால் சுழல்வதும், சேணத்தின் பின்பகுதி எழும்புவதும் தெரியும்.

பிரிட்டனைச் சேர்ந்த குதிரை எலும்பியல் மருத்துவர் சூ டைசன் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். 2018 இல் வெளியான அவருடைய பட்டியலில் சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகள் உள்ளன. காதைப் பின்னால் மடக்கிவைத்தல், வாயைத் திறந்து வைத்தல், வாலை ஓயாமல் வீசுதல், தடுக்குதல், ஏவினாலும் மந்தமாக நடத்தல், துள்ளுதல் என்று போகிறது அது. 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பு, மூட்டு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். துள்ளல் அந்த 24 இல் ஒன்றுதான். அதற்கு முன்பே மற்றவை எத்தனையோ நாளாகத் தெரிந்துகொண்டிருக்கும். நாம்தான் கவனித்திருக்க மாட்டோம்.

சேணத்தின் அடியில்

சேணத்தை மெத்தை இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டுக்கும் சேணத்தின் வளைவுக்கும் நடுவே, ஆள் ஏறிய பிறகும் இரண்டு மூன்று விரல் போகும் இடைவெளி வேண்டும். முதுகெலும்புக்கு இரு பக்கமும் உள்ள பஞ்சு மெத்தைகளின் நடுவே முன்னிருந்து பின்வரை மூன்று விரலாவது அகலம் வேண்டும். சேணத்தின் முன்விளிம்பு தோள்பட்டை எலும்பின் பின்னால் இரண்டு விரல் தள்ளி உட்கார வேண்டும். தோளின் மேல் ஏறி உட்கார்ந்தால், குதிரை முன்னங்காலை நீட்டும் ஒவ்வொரு அடியிலும் எலும்பு சேணத்தில் இடிக்கும். பின்பகுதி கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. குதிரைக்கு 18 இணை விலா எலும்புகள். கடைசி விலாவை விரலால் தடவி, அது முதுகெலும்பைத் தொடும் இடம்வரை போய் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் விலாவின் தாங்கல் இல்லாத இடுப்புப் பகுதி. அங்கே எடை விழுந்தால் குதிரை பொறுக்காது.

முன்னும் பின்னும் தொட்டுக்கொண்டு நடுவில் பாலம் போல எழும்பி நிற்கும் சேணத்தைக் கண்டுபிடிக்க உள்ளங்கையை நுழைத்து முன்னிருந்து பின்னுக்கு ஓட்டினால் போதும். நடுவில் கை திடீரென்று தளர்வாகப் போனால் அந்தச் சேணம் அந்தக் குதிரைக்கு இல்லை. அரைமணி நேர சவாரிக்குப் பிறகு வியர்வையையும் பாருங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் மிகுதி. அதே திட்டில் வெள்ளை முடி முளைத்திருந்தால் நெடுநாளாக அங்கே அழுத்தியிருக்கிறது.

பெரும்பாலான பள்ளிகளில் ஒரே சேணம் ஐந்து குதிரைக்கு மாற்றி மாற்றிப் போகும். செலவு கருதிச் செய்வதுதான், புரிகிறது. ஆனால் பொருந்தாத சேணத்தைத் தடிமனான மெத்தை போட்டுச் சரிக்கட்டுவது, சின்னச் செருப்புக்குள் இரண்டு காலுறை போட்டுக்கொள்வது போல. இறுக்கம் கூடத்தான் செய்யும்.

வயிற்றுப் பட்டையை மூன்று தவணையில் இறுக்குங்கள். முதலில் சேணம் நழுவாத அளவு. பத்துப் பதினைந்து அடி நடத்தியபின் இரண்டு ஓட்டை. ஏறுவதற்கு முன் கடைசியாக. தரையிலிருந்து அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) தொங்கி ஏறினால் சேணம் இடப்பக்கமாக முறுக்கி முதுகெலும்பை அழுத்தும். ஐம்பது அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு ஏறுமேடை, அல்லது ஒரு கெட்டியான மரப்பெட்டி, இந்தத் தொல்லையை நீக்கிவிடும். எடைக்கும் ஒரு கணக்கு உண்டு: சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. அதில் சேணத்துக்கே எட்டு கிலோ போகும். இளைத்த குதிரைக்கும் முதுகுத் தசை வளராத குதிரைக்கும் இதிலும் குறைக்க வேண்டும்.

வாய், முதுகு, வயிறு

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று நம் ஊரில் மனிதர்களைச் சொல்லிக் காட்டுவோம். குதிரையைப் பொறுத்தவரை அது நல்ல மருத்துவக் குறிப்பு. கடிவாளத்துக்கு வாயை மூடும் குதிரையின் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். மேல் வரிசையின் வெளி ஓரமும் கீழ் வரிசையின் உள் ஓரமும் தேய்மானத்தில் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு ஒரு சிறிய உதிரிப் பல் இருக்கும். கடிவாள இரும்பு அதில் இடிக்கும்போது சிலவற்றுக்குத் தாங்காது. வருடத்துக்கு ஒருமுறை, இளங்குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாய்த்திறப்பான் போட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்து அரம் போட வேண்டும். உதட்டைத் தூக்கி முன்பற்களை மட்டும் பார்ப்பது பரிசோதனை இல்லை.

முதுகுக்கு வருவோம். மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஒரு நீண்ட துருத்தல். ஆள் உட்காரும் இடத்தில், முக்கியமாக 13 முதல் 18 வரை உள்ள எலும்புகளில், இந்தத் துருத்தல்கள் நெருங்கி ஒன்றையொன்று தொட்டு உரசத் தொடங்கும் நோய் தரோப்ரெட் குதிரைகளில் அதிகம். குதிரை தலையைத் தூக்கி முதுகைத் தொய்ய விடும்போது இடைவெளி இன்னும் குறையும். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும்: எக்ஸ்ரேயில் எலும்புகள் தொட்டுக்கொண்டிருந்தும் வலியே இல்லாமல் வேலை செய்யும் குதிரைகள் நிறைய உண்டு. அதனால் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். துள்ளல் நின்றால் காரணம் அதுதான். சிகிச்சை ஸ்டீராய்டு ஊசியிலும் உடற்பயிற்சியிலும் தொடங்கும். எலும்புகளுக்கு நடுவிலுள்ள பிணைப்பு நார்களை வெட்டிவிடும் சிறிய அறுவைச் சிகிச்சை 2012 இல் ஆய்விதழில் வெளியாகி இப்போது பல நாடுகளில் செய்யப்படுகிறது. எதைச் செய்தாலும், பிறகு பல மாதம் முதுகுத் தசையை வளர்க்கும் தரைப் பயிற்சி இல்லாவிட்டால் வலி திரும்பிவிடும்.

லாயத்தில் நீங்களே செய்யக்கூடிய சோதனை: முதுகெலும்பின் இரு பக்கமும் நான்கு விரல்களின் நுனியால் மெதுவாக, சீரான அழுத்தத்தோடு, தோள் முதல் இடுப்புவரை போங்கள். ஆரோக்கியமான முதுகு லேசாக அசைந்துவிட்டுத் தளரும். வலியுள்ள முதுகு ஒன்று பலகை போல விறைக்கும், இல்லையென்றால் உங்கள் விரலை விட்டுத் தாழ்ந்து ஓடும். பேனா முனையாலோ நகத்தாலோ குத்திப் பார்க்காதீர்கள். அதற்கு எந்தக் குதிரையும் நெளியும்.

வயிற்றுப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்தயத்திலிருந்து வரும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது இருக்கும். குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான். அதில் அமிலம் இரவும் பகலும் நில்லாமல் சுரக்கும். அமிலத்தை ஆற்றுவது உமிழ்நீர். அது மெல்லும்போது மட்டுமே ஊறும். பகலில் பெரும்பகுதி புல் மெல்வதற்கென்று அமைந்த வயிறு இது. காலையும் மாலையும் ஒரு வாளி ஓட்ஸ் கொடுத்து நடுவில் பல மணி நேரம் வெறும் வயிற்றோடு நிறுத்தினால், இரைப்பையின் மேல்பாதி, அதாவது அமிலத்தைத் தாங்கும் பூச்சு இல்லாத பகுதி, புண்ணாகும். வெறும் வயிற்றில் ஓடவிட்டால் அடிவயிறு இறுகி அமிலத்தை மேலே தள்ளும். பட்டையை இறுக்கும்போது எரிச்சல் வருவது அதனால்தான்.

உறுதியாகச் சொல்ல மூன்று மீட்டர் நீளமுள்ள எண்டோஸ்கோப் வேண்டும். அதற்கு முன் குதிரை பல மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் பெரு விலங்குப் பிரிவில் விசாரிக்கலாம். மருந்து பொதுவாக ஒமிப்ரசோல், உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம், நாளைக்கு ஒருவேளை, 28 நாள். குதிரைக்கென்று தயாரித்த பசையாகத் தர வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் அமிலத்திலேயே பெரும்பகுதி வீணாகும். அளவையும் நாளையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தீவன முறையை மாற்றாமல் மருந்தை மட்டும் கொடுத்தால், நிறுத்திய சில வாரத்தில் புண் திரும்பும். சவாரிக்கு அரைமணி முன்பு இரண்டு கை அள்ளு நறுக்கிய குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) கொடுப்பது எளிய காப்பு. வயிற்றில் மிதக்கும் நார், அமிலம் தெறிப்பதைத் தடுக்கும். குதிரைமசாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் அமிலத்தைக் கொஞ்சம் ஆற்றும்.

தீவனமும் அடைப்பும்

"கொழுப்பு" என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நியாயம் உள்ள இடம் இதுதான். அதுவும் குதிரையின் குற்றம் இல்லை. பந்தயக் குதிரை நாளைக்கு ஐந்தாறு கிலோ தானியம் தின்று, அதற்கேற்ப ஓடியது. பள்ளிக்கு வந்ததும் வேலை ஒரு மணி நேர நடையும் ட்ராட்டும். தீவனம் மட்டும் பழையபடி. மீதிச் சக்தி எங்கே போகும்?

கணக்கு இப்படி: வைக்கோல் கலக்காத நல்ல உலர்ந்த தீவனப் புல் உடல் எடையில் ஒன்றரை முதல் 2 சதவீதம், அதாவது 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொள்ளு, ஓட்ஸ், பார்லி, தவிடு எல்லாம் சேர்ந்து ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. லேசான வேலை செய்யும் குதிரைக்கு அதிலும் பாதி போதும். குறைப்பதை ஒரே நாளில் செய்யாதீர்கள், வயிற்று வலி வரும். பத்திலிருந்து பதினான்கு நாளில் படிப்படியாக இறக்குங்கள். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாக்குவது கட்டாயம். முழுத் தீனி தின்றுவிட்டு சும்மா நின்ற குதிரையை மறுநாள் கடுமையாக வேலை வாங்கினால் சில குதிரைகளுக்குப் பின்தசை கல்லாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்போது ஓர் அடிகூட நடத்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

அடைப்பு அதைவிடப் பெரிய பிரச்சினை. நகரத்துப் பள்ளிகளில் குதிரை 22, 23 மணி நேரம் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறையில் நிற்கிறது. 2006 இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்துக்கு 2 மணி நேரம் மட்டும் வெளியே விடப்பட்ட குதிரைகளையும் 12 மணி நேரம் விடப்பட்டவற்றையும் ஒப்பிட்டது. குறைவாக விடப்பட்டவை வெளியே வந்ததும் அதிகம் ஓடின, அதிகம் துள்ளின. மேய்ச்சல் நிலம் இல்லாவிட்டால் வேலி போட்ட மணல் வெளியிலாவது தினமும் ஒன்றிரண்டு மணி நேரம், முடிந்தால் இன்னொரு குதிரையோடு, கயிறில்லாமல் விடுங்கள். அது அங்கே துள்ளட்டும். அந்தத் துள்ளல் நல்லது.

பந்தயம் கற்றுக்கொடுத்தது வேறு

உடம்பில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் பந்தயக் குதிரை துள்ளலாம், ஏனென்றால் நாம் பேசும் மொழி அதற்குத் தெரியாது. கிண்டியிலோ ஊட்டியிலோ ஓடிய குதிரையின் முதுகில் ஜாக்கி உட்காருவதே அரிது. முட்டிகளை மடக்கி, அதன் தோள்களுக்கு மேல் குனிந்து நிற்பார். எடை ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ. சேணம் ஒரு தட்டு அளவு. கால் விலாவைச் சுற்றித் தொங்காது. ஏறும்போதும் அங்கவடியில் கால் வைத்து ஏறுவதில்லை, கீழே நிற்பவர் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேல், லகான் இறுகினால் வேகமெடு என்று கற்றிருக்கும்.

அந்தக் குதிரை மேல் எழுபது கிலோ ஆள் அகலமான சேணத்தில் முழு எடையோடு உட்கார்ந்து, இரு காலாலும் விலாவை அழுத்தி, பயத்தில் லகானையும் இழுத்தால் என்ன ஆகும்? கால் போ என்கிறது, கை நில் என்கிறது, அல்லது அதன் கணக்கில் கையும் போ என்கிறது. முன்னால் போக வழியில்லாத சக்தி மேலே போகிறது.

ஆகவே இரண்டு மூன்று மாதம் சவாரி இல்லாமல் ஓய்வு. பிறகு குட்டியைப் பழக்குவதுபோல முதலிலிருந்து. ஒரு வாரம் கையில் நடத்திப் பழக்கம். அடுத்து வெறும் பட்டை கட்டி, 18 முதல் 20 மீட்டர் வட்டத்தில் நீளக் கயிற்றில் இரு பக்கமும் பத்துப் பத்து நிமிடம். சிறிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டி அலுக்க வைப்பது மூட்டைக் கெடுக்கும், பலமும் கூடிவிடும். துள்ளுவதற்குத்தான் அந்தப் பலம் பயன்படும். பிறகு அங்கவடி இல்லாத சேணம், பிறகு தொங்கும் அங்கவடி. அது விலாவில் தட்டுவதைக் குதிரை கண்டுகொள்ளாமல் போகும்வரை அடுத்த படி இல்லை.

ஆளை ஏற்றும்போதும் அப்படித்தான். மேடையில் நின்று சேணத்தின் மேல் கையால் அழுத்துவது, வயிற்றால் குப்புறச் சாய்ந்து உடனே இறங்குவது, அப்படியே நான்கடி நடத்துவது, காலைச் சுற்றிப் போட்டு மெல்ல உட்காருவது, கயிற்றைத் தரையிலுள்ளவர் பிடித்திருக்க நடப்பது. கால் அழுத்தத்துக்கு ஓர் அடி முன்னால் வைத்ததும் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும், அதே நொடியில். தாமதித்தால் குதிரைக்கு எது சரி என்று புரியாது. முதல் கேண்டரை மூலை திரும்பும் இடத்தில் கேட்காமல், லேசான ஏற்றத்தில், முன்னால் அமைதியான குதிரை ஒன்று ட்ராட்டில் போக, நேர்கோட்டில் கேளுங்கள். இருக்கையைச் சேணத்திலிருந்து சற்றே உயர்த்திக்கொண்டால் முதுகு எழும்ப இடம் கிடைக்கும். அந்தக் குதிரைக்குப் பழகிய நிலையும் அதுதான். பத்தடி நன்றாகப் போனால் அன்றைக்குப் போதும்.

துள்ளிவிட்டால்

அந்த நொடிக்கு முன் அரை நொடி அறிவிப்பு கிடைக்கும். கழுத்து கீழே போகும், அடி குறுகும், சேணத்தின் கீழ் முதுகு உருண்டு எழும். பெரிய துள்ளலுக்குத் தலை தாழ வேண்டும், முன்னோட்டம் தடைபட வேண்டும். இரண்டையும் மறுப்பதுதான் வேலை.

தோள்களை இடுப்புக்குப் பின்னால் கொண்டுவந்து, குதிகாலைக் கீழே அழுத்தி, பார்வையைத் தூரத்தில் வையுங்கள். கீழே பார்த்தால் உடம்பு முன்னால் சாயும், அடுத்த துள்ளலில் கழுத்துக்கு மேலே பறப்பீர்கள். ஒரு பக்க லகானைக் குட்டையாகப் பிடித்து மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் தூக்குங்கள். இரண்டையும் சேர்த்துப் பின்னால் இழுத்தால் அது எதிர்த்து இழுக்கத் தோதாகும், ஆட்களைக் கழுத்துக்கு மேலே இழுத்துப் போடுவதும் அப்படித்தான். கூடவே காலால் முன்னால் ஏவி அகலமான வட்டத்தில் நடத்துங்கள். வேகமாக ஓடும்போது தலையை ஒரேயடியாக முட்டிவரை இழுத்துத் திருப்பாதீர்கள், கால் பின்னிக் குதிரையே விழும். மற்றொரு கை பிடிக்க, கழுத்தைச் சுற்றி ஒரு பழைய அங்கவடி வாரைக் கட்டி வைத்திருப்பது மலிவான உயிர்காப்பு. வாயைப் பிடித்துத் தொங்குவதைவிடக் குதிரைக்கும் நல்லது.

துள்ளல் அடங்கியதும் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். மூன்று நொடி கழித்து விழும் அடி எதற்கு என்று அதற்குத் தெரியாது. முதுகில் ஆள் இருந்தால் வலிக்கும் என்பது மட்டும் உறுதிப்படும். நடையில் ஒரு சுற்று, ஒரு நிறுத்தம், அது செய்யக்கூடிய ஏதோ ஓர் எளிய வேலை, பிறகு இறங்குதல். துள்ளிய உடனே இறங்கிவிட்டால், துள்ளினால் பாரம் போகும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். ஆனால் இரண்டாவது முறையும் துள்ளினால், பாடம் எதுவும் வேண்டாம், அமைதியான ஒரு நொடி பார்த்து இறங்கி, சேணத்தைக் கழற்றி, முதுகையும் பட்டை இடத்தையும் பாருங்கள்.

அவசரமாக இறங்குவதை முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். இரு காலையும் அங்கவடியிலிருந்து எடுப்பது, கைகளைக் கழுத்தில் ஊன்றுவது, பின்னால் காலைச் சுழற்றித் தள்ளி விலகி, முட்டி மடங்க முன்னோக்கி இறங்குவது. முதலில் நின்ற குதிரையில், பிறகு நடையில், பிறகு ட்ராட்டில். தாடைப் பட்டையோடு கூடிய சவாரித் தலைக்கவசம் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. மோட்டார் சைக்கிள் கவசமும் கிரிக்கெட் கவசமும் இதற்கானவை இல்லை. ஒருமுறை தலை தரையில் மோதினால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அந்தக் கவசத்தை மாற்ற வேண்டும். உள்ளே உள்ள நுரை ஒருமுறைதான் நசுங்கித் தாங்கும். துள்ளும் என்று தெரிந்த குதிரைக்கு மார்புக் காப்பும் சேர்த்து.

காரணம் போன பிறகும் துள்ளல் தங்கிவிடுவது உண்டு. புண் ஆறியிருக்கும், சேணம் மாறியிருக்கும், ஆனால் பட்டையைக் கண்டதும் பழைய எரிச்சலை எதிர்பார்க்கும். அதற்கு மேலே சொன்ன படிகளை மறுபடி ஏறுவதுதான் வழி. முன்பு வேலை செய்த தந்திரம் பலிக்காதபோது, விடுவதற்கு முன் சில நாள் துள்ளல் கூடும். அந்த நாட்களில் கற்றுக்குட்டியை ஏற்றாமல், உட்காரத் தெரிந்த ஒரே ஆளை ஏற்ற வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அடக்கி ஏறுவது வேண்டவே வேண்டாம். கால் தடுமாறும், மருந்து தெளிந்ததும் கற்றது எதுவும் மிஞ்சாது.

பரிசோதனை எல்லாம் முடிந்து, சேணம் மாறி, ஆறு மாதம் நிதானமாகப் பழக்கியும் ஆள் ஏறினால் துள்ளும் குதிரை அபூர்வமாக உண்டு. எக்ஸ்ரேயில் தெரியாத வலி அதற்கு இருக்கக்கூடும். அதைக் கையில் நடத்தவும் நீளக் கயிற்றில் ஓட்டவும் குழந்தைகளுக்குத் தேய்த்துக் குளிப்பாட்டக் கற்றுத்தரவும் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் வாங்குபவரிடம் அந்த நோட்டுப் புத்தகத்தையும் காணொளிகளையும் சேர்த்துக் கொடுங்கள்.